மூளைக்கு வயதாகுமா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில், புதுச்சேரிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்னதாகப் பிரிந்து சென்றால் இரும்பை என்னும் சிற்றூரை அடையலாம். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர் அது. அதை அடுத்து இருப்பது ஆரோவில் நகரம். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அந்நகரம் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. நகரின் சாசனத்தைத் தம் கையால் எழுதி, வானொலி வழியே தாமே படித்தவர் ஸ்ரீ அன்னை. அன்று அவருக்கு வயது என்ன தெரியுமா? 90!

முடிவில்லாத கல்வியும் மூப்பறியாத இளமையும் அந்தச் சாசனம் நாடும் குறிக்கோள்களுள் அடங்கும். உடலுக்கு மூப்பு வந்தே தீரும். அறிவுக்கும் அப்படித்தானா? அறிவியல் இதற்கு என்ன விடை தருகிறது? காண்போம்.

ஓர் எளிய சோதனை

மாணவ நண்பர்களே! 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ செல்லுங்கள். அவர் தம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சற்று விரித்து வைத்துக்கொள்ளட்டும். அளவுகோலின் சுழிக்குறி அவ்விரல்களுக்கு இடையில் இருக்கும்படி மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, சொல்லாமல் கைவிடுங்கள். எந்தக் குறியில் பிடிக்கிறார் என்று பாருங்கள். பிறகு நீங்கள் பிடித்துப் பாருங்கள்.

விழும் பொருள் கடக்கும் தொலைவு ½gt² என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதன்படி 20 சென்டிமீட்டரில் பிடித்தால், கண் கண்டு, மூளை ஆணையிட்டு, விரல் மூட எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.20 விநாடி. 30 சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.25 விநாடி. பெரும்பாலும் நீங்களே வெல்வீர்கள்.

இப்போது இரண்டாவது போட்டி. வயலிலும் வேலியிலும் வளரும் செடிகொடிகளின் பெயரையும் பயனையும் இருவரும் சொல்லிப் பாருங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். இதில் பாட்டியை வெல்வது எளிதன்று!

உளவியலார் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இவ்வாறுதான் இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலை அவிழ்க்கும் திறன் ஒன்று. பட்டறிவால் திரண்ட அறிவு மற்றொன்று. முதலாவதும் செயல் விரைவும் நடு வயதுக்கு முன்பே மெல்லக் குறையத் தொடங்குகின்றன. இரண்டாவதோ அறுபது வயதுக்குப் பிறகும் நெடுநாள் நிலைத்து நிற்கக்கூடியது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்றுப் பொறுத்து நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவிலேயே வழி தவறுவதும், சோறு வடிக்கும் முறையே மறந்துபோவதும் இயல்பல்ல; நோயின் அறிகுறிகள். 1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோய் இத்தகைய மறதி நோய்களுள் முதன்மையானது.

ஆழமான ஏரி

இங்கே ஒரு புதிர். இறந்தபின் ஆராய்ந்த சிலருடைய மூளைகளில் அல்சைமர் நோயின் தடயங்கள் நிறைய இருந்தன. ஆனால், உயிரோடு இருந்தபோது அவர்கள் தெளிவாகவே இருந்திருக்கிறார்கள்! எப்படி?

இரண்டு ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூர்ந்து மேடிட்டது; மற்றொன்று ஆழமாக வெட்டப்பட்டது. இரண்டுக்கும் மழை ஒன்றுபோலவே பொய்க்கிறது. முதல் ஏரி மாசியிலேயே வறண்டுவிடும். இரண்டாவது சித்திரை வரை தாங்கும். மூளையிலும் இப்படி ஒரு சேமிப்பு உண்டு என்கின்றனர் அறிவியலார். சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் தம்முள் கொண்டுள்ள இணைப்புகள், கற்கக் கற்க வலுப்பெறுகின்றன. ஒரு வழி அடைபட்டால் செய்தி வேறு வழியாகப் போய்ச் சேர முடிகிறது.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. மொழி ஒன்றே காரணம் என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஏரியை ஆழப்படுத்துவது ஏட்டுப் படிப்பு மட்டுமன்று என்பது இதனால் விளங்குகிறது.

இரு பெரியவர்கள்

1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், 1940-இல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942-இல் மறையும் வரை எழுதினார். எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தவற்றை ஊரும் பெயருமாக அதில் சொல்லிச் செல்கிறார்!

வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு துறையை முழுதும் கற்று நூல் எழுதியதும், அதை விட்டுப் புதிய துறைக்குச் செல்வது அவர் வழக்கம். முதிய வயதில் நியூட்டனின் ‘பிரின்சிபியா’வை எடுத்துக்கொண்டார். தேற்றங்களுக்கு முதலில் தாமே நிறுவல் எழுதிப் பார்த்து, பிறகு நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிட்டார். அந்நூல் 1995-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 84.

இரண்டு பேரைக் காட்டி ஒரு விதியை நிறுவிவிட முடியாது. நன்கு கற்றவர்களுக்கும் மறதி நோய் வருவதுண்டு. அது அவர்கள் குற்றமன்று. ஆழமான ஏரியும் கடும் வறட்சியில் வற்றும் அல்லவா?

கரையில் உள்ள ஓட்டைகள்

ஏரியை வெட்டினால் போதாது, கரையையும் காக்கவேண்டும். ‘லான்செட்’ மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்கினால், உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இளமையில் கல்வியின்மை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை, செவிக்குறை, பார்வைக்குறை ஆகியவை அவற்றுள் சில.

செவிக்குறைக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? காது மந்தமானால் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தால் நாலு பேரோடு கூடுவது குறைகிறது. மூளைக்கு வேலையும் குறைகிறது. “பாட்டிக்கு எதைச் சொன்னாலும் மறந்துபோகிறது” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் சொன்னது அவர் காதிலேயே விழாமல் இருந்திருக்கலாம்! பி12 வைட்டமின் குறைவும், தைராய்டு சுரப்புக் குறைவும் கூட நினைவைக் குழப்பும். இவற்றை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். “வயதானால் அப்படித்தான்” என்று இருந்துவிட்டால், சரிசெய்யக்கூடியதும் கெட்டுப்போகும்.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தாவின் பின்னால் சில அடி தள்ளி நின்று, வழக்கமான குரலில் ஏதேனும் கேளுங்கள். விடை வராவிட்டால் பெரியவர்களிடம் சொல்லி, காது மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் அவரோடு நடந்து சென்று, தெரியாத செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் புதிதாகக் கற்ற ஒன்றை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள். அவருடைய ஏரிக்கு நீர் வரும். உங்கள் ஏரியும் ஆழமாகும்!