ஹைடு பூங்கா, இலண்டன்

ஹைடு பூங்கா இலண்டன் மாநகரின் நடுவே அமைந்துள்ள அரச பூங்காக்களுள் ஒன்று ஆகும். இதன் பரப்பு ஏறத்தாழ 350 ஏக்கர். நிலம் இன்றும் முடியரசின் உடைமையே. பராமரிப்பை மட்டும் ஓர் அறக்கட்டளை கவனித்து வருகிறது. நுழைவுக்கட்டணம் கிடையாது. காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை யாரும் உள்ளே செல்லலாம். ஆனால் அரசனின் வேட்டைக்காடு ஒன்றில் குடிமக்கள் நின்று அரசையே எதிர்த்துப் பேசும் நிலை வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்நிலம் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளிடம் இருந்தது. 1536இல் எட்டாம் ஹென்றி அதைக் கையகப்படுத்தி, வேலியிட்டு, மான் வேட்டைக்கு வைத்துக்கொண்டார். 1637இல் முதலாம் சார்லசு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். உள்நாட்டுப் போரில் முடியாட்சி வீழ்ந்தபின் நாடாளுமன்றம் பூங்காவைத் தனியாருக்கு விற்றது. வாங்கியவர்கள் உள்ளே வரும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கினர். மன்னரை அகற்றிய ஆட்சியில்தான் மக்கள் காசு கொடுத்து நுழைய வேண்டியிருந்தது என்பது ஒரு விந்தை. 1660இல் முடியாட்சி மீண்டதும் பூங்கா மீண்டும் அரசுடைமையானது. 1665ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயின்போது நகரத்தை விட்டு ஓடிவந்தவர்கள் இங்கே கூடாரமிட்டுத் தங்கினர்.

பூங்காவின் தென்பகுதியில் ‘ராட்டன் ரோ’ என்ற குதிரைப் பாதை உள்ளது. கென்சிங்டன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்த மூன்றாம் வில்லியம், வழிப்பறிக்கு அஞ்சி அதன் ஓரமாக 300 எண்ணெய் விளக்குகளை ஏற்றச் செய்தார். பிரெஞ்சு மொழியில் ‘அரசர் சாலை’ என்று பொருள்படும் தொடரே இப்பெயராகத் திரிந்தது என்பர். நடுவில் வளைந்து கிடக்கும் செர்ப்பன்டைன் ஏரி இயற்கையானது அன்று. இரண்டாம் ஜார்ஜின் அரசி கரோலின் 1730இல் வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றை அணைகட்டித் தேக்கச் செய்ததால் உண்டானது. அந்த ஆறு பின்னர் சாக்கடையாகிவிட்டதால் ஏரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்று ஆழ்துளைக் கிணறுகளே ஏரிக்கு நீர் தருகின்றன.

1851இல் உலகப் பொருட்காட்சி இங்கு நடந்தது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த ‘பளிங்கு மாளிகை’ இரும்பாலும் கண்ணாடியாலும் ஆனது; அங்கிருந்த பெரிய எல்ம் மரங்களை வெட்டாமல் மாளிகைக்குள்ளேயே அடக்கிக் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பஞ்சாபிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட கோகினூர் வைரமும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. எதிர்பார்த்த ஒளி இல்லையென்று பார்த்தவர்கள் குறைப்பட்டுக்கொள்ள, அடுத்த ஆண்டு அதை மறுபடி பட்டை தீட்டினர். வைரத்தின் எடை பெரிதும் குறைந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து இதே பூங்காவில் வேறு வகையான கூட்டம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைத் தடைசெய்யும் மசோதா ஒன்று 1855இல் நாடாளுமன்றத்தில் வந்தது. சனி மாலையில் கூலி பெறும் தொழிலாளிக்குப் பொருள் வாங்க ஞாயிறு ஒன்றே வாய்த்த நாள். செல்வர்களோ அந்த நாளில் ஹைடு பூங்காவில் சாரட்டு வண்டிகளில் உலா வருவார்கள். தொழிலாளர்கள் அங்கேயே திரண்டு அவர்களை நோக்கிக் கூச்சலிட்டனர். அதை நேரில் கண்ட கார்ல் மார்க்ஸ், ஆங்கிலப் புரட்சி தொடங்கிவிட்டது என்று எழுதினார். புரட்சி வரவில்லை, மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இதைவிடப் பெரிய மோதல் 1866 சூலை 23 அன்று நிகழ்ந்தது. தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்ட சீர்திருத்தக் கழகம் பூங்காவில் கூட்டம் அறிவித்தது. அரசு தடைவிதித்து வாயில்களை மூடியது. ஊர்வலமாக வந்த மக்கள் நெருக்கியதில் இரும்புக் கிராதிகள் சாய்ந்தன. கூட்டம் உள்ளே புகுந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் தடை, மீண்டும் கூட்டம். இம்முறை திரண்ட மக்களைக் கண்டு காவலர்கள் தலையிடவில்லை. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதே 1867இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தரும் சட்டம் நிறைவேறியது.

இதன் தொடர்ச்சியாக வந்ததே 1872ஆம் ஆண்டின் பூங்கா ஒழுங்குமுறைச் சட்டம். பூங்காவில் பேசும் உரிமையை இச்சட்டம் வழங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது, அது சரியன்று. எங்கே, எவ்வாறு கூட்டம் நடத்தலாம் என்று விதிக்கும் அதிகாரத்தையே அது பூங்கா நிர்வாகத்திற்குத் தந்தது. அந்த ஏற்பாட்டில் வடகிழக்கு மூலை பேச்சாளர்களுக்கு உரியதாயிற்று. அதுவே ‘பேச்சாளர் முனை’. அதற்கு அருகில்தான் 1783 வரை டைபர்ன் தூக்குமேடை இருந்தது. சாகப்போகிறவர் கூட்டத்தினரிடம் கடைசியாகச் சில சொற்கள் பேச அங்கே விட்டார்கள். 1908 சூன் 21 அன்று வாக்குரிமை கேட்ட பெண்கள் இப்பூங்காவில் 20 மேடைகள் அமைத்து இலட்சக்கணக்கானோர் முன் பேசினர். 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு எதிரான பேரணிக்கு, புல்தரை சேறாகிவிடும் என்று காரணம் காட்டி முதலில் இடம் மறுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின் இசைவு கிடைத்தது.

பேச்சாளர் முனையைக் காண விரும்புவோர் ஞாயிறு பகலில் செல்வது நல்லது. மார்பிள் ஆர்ச் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ஏணிப்படி மீதோ பெட்டி மீதோ ஏறி நின்று சமயம், அரசியல் என்று எதையும் பேசுவார்கள். கேட்பவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்பதும் வழக்கம். ஆயினும் நாட்டின் பொதுச்சட்டம் அங்கும் பொருந்தும். ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டும். அங்கிருந்து தெற்கே நடந்தால், 2005 சூலை 7 குண்டுவெடிப்பில் இறந்த 52 பேருக்காக நிறுவப்பட்ட 52 எஃகுத் தூண்களைக் காணலாம். ஏரியின் தென்கரையில் இளவரசி டயானா நினைவு நீரூற்று உள்ளது. மரங்களின் மேல் கிளிகள் கத்துவது கேட்டால் வியப்படைய வேண்டியதில்லை: தமிழ்நாட்டுத் தோப்புகளில் காணப்படும் பச்சைக்கிளி இனமேதான், கூண்டிலிருந்து தப்பி இலண்டனில் பெருகியுள்ளது.