மடிக்கணினி ஏன் மயங்குகிறது?

பிழைப்பை நாடியோ, பணி மாற்றத்தின் காரணமாகவோ தமிழகத்தை விட்டு வந்து, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் படிப்பு அதில் நடைபெறுகிறது. ஊரில் இருக்கும் பெற்றோர்க்குப் பணம் அனுப்புவதும், அவர்கள் முகம் கண்டு பேசுவதும் பல இல்லங்களில் அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. பொங்கலுக்கு ஊர் செல்ல விரும்புவோர், குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்கும் தத்கால் முன்பதிவுக்காக அதன்முன் அமர்ந்து காத்திருக்கின்றனர். அந்த நேரத்தில் திரை அசையாமல் நின்றுவிடுமானால், இழப்பது சில நிமிடங்கள் மட்டுமல்ல. ஓராண்டாக எதிர்நோக்கிய பயணத்தையே இழக்க நேரிடும்.

நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய கணினி, இணையப் பக்கங்களைத் திறந்ததும் மெல்ல நகரத் தொடங்கும். ஒரு கட்டத்தில் அம்புக்குறியும் அசையாது உறைந்துவிடும். உடனே பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். 'பழையதாகிவிட்டது' என்று கருதித் தவணைக் கடனில் புதியது வாங்கச் செல்வர் சிலர். கடைக்குத் தூக்கிச் சென்று, அங்குக் கூறுவதை அப்படியே ஏற்று, உள்ளவை யாவற்றையும் அழித்துப் புதிதாக நிரப்பும் 'ஃபார்மட்' முறைக்கு இசைவர் வேறு சிலர். முன்னதில் பணம் போகிறது. பின்னதில், நகல் எடுத்து வைக்காவிடின், பாடக் குறிப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் போகின்றன. குறை எதுவெனக் கண்ட பின்னரே செலவு செய்யவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்த விரும்புவது. அதனைக் காண்பதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. உற்றுநோக்கும் பொறுமை போதும்.

குறை கணினியிலா, இணைப்பிலா?

முதலில் தெளியவேண்டிய வினா இது. பக்கம் வராமல் வட்டம் சுழன்றுகொண்டிருக்கும்போது அம்புக்குறியை அசைத்துப் பாருங்கள். அது தடையின்றி ஓடுகிறது, வேறு நிரல்களும் ஒழுங்காகத் திறக்கின்றன என்றால், கணினியின்மீது ஐயம் கொள்ளவேண்டா. அதே வைஃபை இணைப்பில் கைப்பேசியைக் கொண்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் தாமதமெனில் குறை இணைப்பில் இருக்கிறது.

அடுக்கு வீடுகளில் இது மிகுதி. ஒவ்வொரு வீட்டின் வைஃபை கருவியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. கருவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியும் இருக்குமாயின் அதனைத் தேர்ந்தெடுத்து, கருவிக்கு அருகில் அமர்ந்து பார்ப்பது நலம். அந்த அலைவரிசை விரைவானது, ஆயினும் சுவர்களைத் தாண்டும் ஆற்றல் குறைந்தது. மாறாக, அம்புக்குறியே அசையாது நிற்கிறது, தட்டச்சு செய்த எழுத்துகள் சில விநாடி கழித்தே தோன்றுகின்றன என்றால், குறை கணினிக்குள்ளேயே இருக்கிறது எனத் துணியலாம்.

சமையல் மேடையும் பரணும்

அவ்வாறு உள்ளிருக்கும் குறைகளில் மிகுதியும் காணப்படுவது நினைவகப் பற்றாக்குறை. 'ரேம்' எனப்படும் நினைவகத்தைச் சமையல் மேடைக்கு ஒப்பிடலாம். கோப்புகள் நிலையாகத் தங்கும் வட்டினைப் பரணுக்கு ஒப்பிடலாம். மேடையில் இருக்கும் பாத்திரத்தை உடனே எடுக்கலாம். மேடை நிறைந்துவிட்டால் ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு மற்றொன்றை இறக்கவேண்டும். இரண்டொரு பாத்திரங்களுக்கு இது தகும். ஒரே நேரத்தில் பத்துப் பதார்த்தங்கள் சமைக்கப் புகுந்தால், சமைப்பவரின் காலம் முழுவதும் ஏணியில் ஏறி இறங்குவதிலேயே கழியும். அடுப்பில் ஒன்றும் வேகாது.

கணினியும் இவ்வாறே செய்கிறது. வட்டின் ஒரு பகுதியையே நினைவகம்போலப் பயன்படுத்தும் இந்த உத்தி, 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' என்னும் கணினியில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அளவு மீறினால் கணினி மாற்றி மாற்றி வைப்பதிலேயே உழன்று வேலையின்றி நின்றுவிடும் என்பதனை அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் விளக்கிக் கட்டுரை எழுதினார். இன்று நம் வீட்டில் திரை உறைவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

இணைய உலாவியைத் திறக்கும்போது இது மிகுவானேன்? குரோம் போன்ற உலாவிகள், ஒரு பக்கம் பழுதானால் மற்றவை கெடாதிருக்கும் பொருட்டுப் பக்கங்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து இயக்குகின்றன. பாதுகாப்பு பெருகுகிறது, அதற்கேற்ப நினைவகச் செலவும் பெருகுகிறது. படமும் விளம்பரமும் நிறைந்த ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளை விழுங்கிவிடும். 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் விண்டோஸும் அதன் துணை நிரல்களும் பாதியளவை எடுத்துக்கொண்டபின், இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் மேடை நிறைந்துவிடுவதில் வியப்பில்லை.

இதனை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் தோன்றும். ஆப்பிள் கணினியாயின் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' என்பது அதே பணியைச் செய்யும். அதில் 'மெமரி' என்னும் பத்தி 90 விழுக்காட்டைத் தாண்டி, 'டிஸ்க்' என்னும் பத்தியும் ஓயாது உழைக்குமானால், ஐயமின்றி இதுவே நோய்.

மருந்து எளிது. வேண்டாத பக்கங்களை மூடுங்கள். பின்னர் படிக்க வேண்டியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய இரண்டை மட்டும் அழுத்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு விழுங்குகிறது எனத் தெரியும். அதன் அமைப்புகளில் 'மெமரி சேவர்' என்பதை இயக்கிவிட்டால், பாராது விடப்பட்ட பக்கங்கள் தாமே உறங்கிவிடும். எட்ஜ் உலாவியிலும் இதற்கொத்த வசதி உண்டு. மேலும், 'ஷட் டவுன்' செய்து திறப்பதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். விண்டோஸில் விரைந்து திறக்கும் வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது உள்நிலையின் ஒரு பகுதி சேமித்து வைக்கப்பட்டு மீண்டும் அப்படியே எழுகிறது. புதிதாகத் தொடங்கவேண்டுமெனில் ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

வட்டின் தளர்ச்சி

பக்கம் ஒன்றே திறந்திருக்கிறது, நினைவகமும் நிறையவில்லை, ஆயினும் கணினியைத் திறந்த நொடிமுதலே மந்தம். 'டிஸ்க்' பத்தி மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கிறது. இஃது வட்டின் குறை. பழைய மடிக்கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்வது. வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை அது விநாடிக்கு நூறு என்னும் அளவில்தான் தேடி எடுக்க இயலும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் வட்டு, அதே நேரத்தில் பல்லாயிரம் தகவல்களை எடுத்துத் தரும். ஆதலின், பழைய கணினிக்குச் செய்யத்தக்க செலவுகளில் மிகுந்த பயன் தருவது இந்த மாற்றமே.

வட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஓசை எழுந்தாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ, வேறெந்த ஆராய்ச்சியும் செய்யாமல் முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டை மாற்றிக்கொள்ளலாம்; அதில் இருந்த தாத்தாவின் சதாபிஷேகப் படங்களை மாற்றிப் பெற இயலாது.

வெப்பமும் தூசும்

தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரைமணி கழித்து விசிறி இரையத் தொடங்கி, அடிப்பகுதி சுடச்சுட மந்தமாகும் கணினிகள் உண்டு. இவற்றின் நோய் வெப்பம். கணினியின் செயலி 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மடிக்கணினிகள் பலவும் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கென ஆக்கப்பட்டவை. மே மாதத்தில் தில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதை நாம் அறிவோம். அதன்மேல், கட்டிலில் மெத்தைமீது வைத்துப் பிள்ளைகள் பாடம் கேட்பார்களாயின், அடியில் உள்ள காற்றுத் துளைகள் முற்றும் அடைபட்டுவிடும்.

மரப்பலகை அல்லது மேசைமீது வைத்துப் பயன்படுத்துங்கள். கணினியை அணைத்து, மின் இணைப்பை நீக்கி, மென்மையான தூரிகையால் துளைகளில் படிந்த தூசைத் துடைத்தெடுங்கள். ஓராண்டுக்கு மேலாகத் திறவாத கணினியாயின், உள்விசிறியைச் சுத்தம் செய்யக் கடைக்காரரிடம் கேட்பது தகும்.

உலாவியில் ஒட்டியவை

ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் உறைகிறதா? உலாவியில் அவ்வப்போது சேர்த்துக்கொண்ட 'எக்ஸ்டென்ஷன்' என்னும் துணைக் கருவிகள் காரணமாகலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய விசைகளை அழுத்தினால் குரோமில் மறைநிலைச் சாளரம் திறக்கும். நாமாக இசைவு அளித்தாலன்றி அதில் அத்துணைக் கருவிகள் இயங்கா. அங்கு அதே தளம் ஒழுங்காக ஓடுமானால், கருவிகளை ஒவ்வொன்றாக நீக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். காணொளி ஓடும்போது மட்டும் உறையுமானால், உலாவியின் அமைப்புகளில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்பதை நிறுத்திப் பார்க்கலாம்.

உறைந்ததுபோல் நடிக்கும் திரை

இங்கு ஓர் எச்சரிக்கை. சில வேளைகளில் திரை முழுவதும் ஒரு பக்கம் விரிந்து, அபாயச் சங்கு ஒலித்து, 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. உடனே இந்த எண்ணை அழையுங்கள்' எனக் காட்டும். கணினி உறைந்துவிட்டதாகவே தோன்றும். இஃது நோயன்று, வஞ்சகம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறுவதில்லை என அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அழைத்தால், தொலைவிலிருந்து நம் கணினியை இயக்கும் நிரலை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவர்.

அஞ்சவேண்டா. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள்; அல்லது முன் கூறிய டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடுங்கள். பணம் பறிபோயிருப்பின் தாமதியாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். பகலில் தனித்திருக்கும் முதியோர்க்கு இதனை முன்கூட்டியே எடுத்துரைப்பது இளைஞர்களின் கடமை.

செலவின் வரிசை

இத்தனைக்குப் பின்னும் செலவு வேண்டுமெனில் அதற்கும் ஒரு வரிசை உண்டு. பக்கங்களை மூடுவதும், கருவிகளை நீக்குவதும், தூசு துடைப்பதும் காசில்லாதவை. அவற்றை முதலில் செய்க. அடுத்தது வட்டு மாற்றம், நினைவகத்தை 8 ஜிகாபைட்டாக உயர்த்துதல் ஆகியவை. மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது என்பதால் முன்னரே விசாரித்தறிக. புதிய கணினி கடைசி வழி. வேகத்தை உயர்த்துவதாக விளம்பரம் செய்யும் நிரல்களை வாங்கவேண்டா. அவை தாமும் மேடையில் இடம் பிடிப்பவையே.

மற்றொன்றும் கருதத்தக்கது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் தேவை. அவை இல்லாத பழைய கணினிக்குப் பெருந்தொகை செலவிடுமுன் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கடைக்குச் செல்ல நேர்ந்தால் ஒரு துண்டுத்தாளில் நான்கு செய்திகளை எழுதிச் செல்லுங்கள்: திறந்து எத்தனை நிமிடத்தில் உறைகிறது, அப்போது மெமரி, டிஸ்க் இரண்டும் எத்தனை விழுக்காடு, அடிப்பகுதி சுடுகிறதா, எந்தத் தளத்தில் நிகழ்கிறது. புதிதாகக் குடியேறியோர்க்கு இந்தியோ மராத்தியோ தடுமாறலாம். எழுதிய எண்கள் தடுமாறுவதில்லை. கணினியைக் கொடுப்பதற்குமுன் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, கேட்ட மாற்றத்தை மட்டும் செய்யுமாறும், ஃபார்மட் செய்வதாயின் முன்னரே தெரிவிக்குமாறும் கூறிவிட்டு வாருங்கள்.