கந்தப்பளையின் காய்ச்சற் காலம்

சித்திரைப் பிறப்பு மலையகத் தோட்ட ஊரான கந்தப்பளைக்கு இரு திசைகளிலிருந்து மனிதரைக் கூட்டி வருகிறது. கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் தோட்டத்து இளைஞர் பண்டிகைக்கு ஊர் திரும்புகின்றனர். அதே நாள்களில், நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்தை நாடித் தீவெங்கிலுமிருந்து மக்கள் மலையேறுகின்றனர். விழா முடிந்ததும் பள்ளிகள் திறக்கின்றன. இலங்கையில் இன்புளுவென்சாக் காய்ச்சல் ஆண்டுக்கு இருமுறை ஓங்குகிறது: ஏப்பிரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, நவம்பர் முதல் சனவரி வரை மற்றொருமுறை. பின்னது தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட காலம். மலையகம் ஒன்றுகூடும் பருவங்களும் இந்நோய் பெருகும் பருவங்களும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்பதைப் பள்ளி நலம் பற்றிச் சிந்திப்போர் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

இன்புளுவென்சா வெறும் தடிமன் அன்று. தடிமன் பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் அடங்கிவிடும். இதுவோ திடீரெனக் காய்ச்சலை ஏற்றி, உடலை முறித்துப்போட்டு, வறட்டிருமலில் வாட்டும். சிலருக்கு நுரையீரல் அழற்சியாக முற்றும். மனிதரிடம் இதனை உண்டாக்கும் தீநுண்மியை 1933இல் இலண்டனில் ஸ்மித், அண்ட்ரூஸ், லெயிட்லோ என்னும் மூவர் பிரித்தெடுத்தனர். அதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளால் ஆனது. தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் அது பிழைகள் விடுகிறது. அப்பிழைகள் அதன் மேற்புறப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிவிடுகின்றன. சென்ற ஆண்டு அதனை அடையாளங்கண்ட நம் உடல் இவ்வாண்டு தடுமாறுவது இதனாலேயே.

பள்ளியைப் பொறுத்தவரை மற்றோர் இயல்பே பெரிதும் கவலைக்குரியது. தொற்றியவர் காய்ச்சலால் படுப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே தீநுண்மியை வெளிவிடத் தொடங்குகிறார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை அது நீடிக்கும். சிறுவரிடம் இன்னும் நீளும். காலையில் துள்ளிக்கொண்டு வகுப்புக்கு வந்த பிள்ளை மாலையில் சுருண்டு படுக்கிறதென்றால், இடைப்பட்ட பொழுதில் பக்கத்து வாங்கிலிருந்த பிள்ளைக்கு நோயை ஈந்தாயிற்று.

கந்தப்பளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரே காய்ச்சலைத் தருகிறது என்று இங்குள்ள பெரியோர் சொல்வதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் கினிப்பன்றிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், குளிர்ந்த உலர்காற்றில் இத்தீநுண்மி எளிதாகப் பரவியது. ஆயின் நம் மலைக்காற்று உலர்ந்ததன்று. மூடுபனியும் தூறலும் கலந்தது. ஆகவே குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் விளக்கம் இங்கு முழுதும் பொருந்தாது. குளிர் நம்மை என்ன செய்ய வைக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் துணிபு. மழையும் குளிரும் சேர்ந்தால் வகுப்பறையின் சன்னல்களைச் சாத்துகிறோம். அடைத்த அறையில் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார்.

பள்ளி விட்டபின் அம்மூச்சு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிறது. ஒற்றைக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, உள்ளே விறகடுப்பின் புகை. பாட்டி, தாய், தந்தை, பிள்ளைகள் எல்லாரும் உறங்குவது அக்காம்பராவில்தான். அடுத்த வீட்டையும் இவ்வீட்டையும் பிரிப்பது ஒரு சுவர். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரையிலும், கைக்குழந்தையை விடப் பிள்ளைக்காம்பராவிலும் அதே முகங்கள் மீண்டும் சந்திக்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் திங்களன்று புகுந்த தீநுண்மி அவ்வாரம் முடியுமுன் மூச்சிழுப்பால் வருந்தும் பாட்டியை எட்ட வேறு வழி தேட வேண்டியதில்லை. பள்ளிப்பிள்ளைக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி இட வேண்டுமென்று நான் வலியுறுத்துவதன் காரணம் இதுவே: அப்பிள்ளையைக் காப்பதோடு, லயத்துக்குள் நோய் நுழையும் வாயிலையும் அது அடைக்கிறது.

இவ்வழியின் கொடுமையை இலங்கை ஒருமுறை கண்டது. 1918 ஒக்டோபர், நவம்பரில் ஓர் அலையும் 1919 மார்ச்சில் மற்றோர் அலையுமாக இன்புளுவென்சா தீவை உலுக்கிற்று. 2014இல் வெளிவந்த மக்கள்தொகை ஆய்வொன்று, அப்போதைய இழப்பு மூன்று இலட்சத்துக்கு மேல், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 6.7 விழுக்காடு என்று கணிக்கிறது. நோய் புகுந்த வாயில்களாக அது சுட்டுபவை இரண்டு: கொழும்புத் துறைமுகம், தலைமன்னார். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியில் அமைந்த கரையன்றோ தலைமன்னார்! அன்று தடுப்பூசி இல்லை. நோயின் காரணி எதுவென்றும் ஒருவருக்கும் தெரியாது.

பள்ளிப்பிள்ளைக்கு ஊசியிட்டு ஊரைக் காக்கலாம் என்பதை ஒரு நாடு முழுமையிலும் செய்துபார்த்தது யப்பான். 1962 முதல் அந்நாட்டு மாணவருக்குப் பள்ளியிலேயே இவ்வூசி இடப்பட்டது. 1987இல் ஊசி கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. 1994இல் திட்டம் கைவிடப்பட்டது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு இறப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரையான இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்றும், ஊசியிட்ட 420 பிள்ளைகளுக்கு ஓர் உயிர் என்ற அளவில் காப்பு கிடைத்தது என்றும் அது கணித்தது. காக்கப்பட்டோரில் பெரும்பாலோர் முதியோர்.

பதிவுகளை ஒப்பிட்டுப் பெறும் கணிப்பில் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்தைப் பெரிதும் தீர்த்தது கனடாவில் நடந்த நேர்ச்சோதனை. அங்கே ஹட்டரைட்டு என்னும் சமயத்தார் சிறு சிறு பண்ணைக் குடியிருப்புகளில் கூடி வாழ்கின்றனர். உணவும் உழைப்பும் பொது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய 49 குடியிருப்புகளை ஆய்வாளர் தேர்ந்தனர். சிலவற்றில் 3 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு இன்புளுவென்சா ஊசியும், ஏனையவற்றில் ஒப்பீட்டுக்காக ஈரலழற்சி ஊசியும் இட்டனர். ஊசி போட்டுக்கொள்ளாத பெரியோரையும் பிறரையும் பின்தொடர்ந்தபோது, முதல் வகைக் குடியிருப்புகளில் அவர்களுக்கு 61 விழுக்காட்டுக் காப்பு கிடைத்திருந்தது. ஒரே முற்றம், ஒரே வேலைக்களம், ஒரே பள்ளி என்று வாழும் நம் தோட்டங்களுக்கு உலகில் இதனினும் நெருங்கிய சான்று கிடைப்பது அரிது.

ஊசியின் வலிமையை மிகைப்படுத்தல் ஆகாது. புழங்கும் தீநுண்மியோடு நன்கு பொருந்தும் ஆண்டிலும், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு நோய் முற்றும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடு வரையே குறைக்கிறது. தீநுண்மி மாறுவதால் ஆண்டுதோறும் புதிதாக இட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்குப் பெப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டெம்பரிலும் ஊசியின் கூறுகளைப் பரிந்துரைக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாம் எதனைக் கொள்வது? ஆண்டுக்கு ஒருமுறைதான் இயலுமெனில், ஒக்டோபரே தக்க மாதம் என்பேன். வடபுலத்து ஊசி அப்போது கிடைக்கும். நவம்பர் அலைக்கு முன்னதாகவே இடலாம். காப்பு மெல்லத் தேய்ந்தாலும் சித்திரை வரை ஓரளவேனும் எஞ்சும். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் முதன்முறை பெறும்போது நான்கு வார இடைவெளியில் இருமுறை பெற வேண்டும். ஊசி வேலை செய்ய இரு வாரமாகும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சிறுவகுப்புகளுக்கு ஒக்டோபரின் முதல் வாரத்திலேயே தொடங்குவது நலம்.

இன்று இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இவ்வூசி இல்லை. வேண்டுவோர் தனியார் மருத்துவமனைகளில் விலை கொடுத்தே பெறுகின்றனர். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. ஆயின் ஊசியைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு நம்மிடம் புதிதாகத் தேட வேண்டியதன்று. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இப்போதும் பள்ளிக்கு வருகின்றனர். தரம் 7 பிள்ளைகளுக்கு ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஊசி இடப்படுகிறது. 2017 முதல் தரம் 6 மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் ஊசியும் கிடைக்கிறது. சின்னமுத்தை ஒழித்த நாடாக 2019இல் இலங்கை அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இத்தகைய பொதுச் சுகாதார உழைப்பே நின்றது. பணம் குறைவெனில், தீவெங்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. குளிரும் நெருக்கமும் மிகுந்த மலைத்தோட்டப் பள்ளிகளில் முதலில் தொடங்கட்டும்.

அதுவரை கையிலுள்ளவற்றைச் செய்யலாம். எகிப்தின் கெய்ரோ நகரில் 60 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், நாள்தோறும் இருமுறை சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பழக்கிய பள்ளிகளில் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவென்சா பாதியாகக் குறைந்தது. இதற்குக் குழாயில் தண்ணீர் வேண்டும். விறைக்கும் காலையிலும் கைதொடக்கூடிய தண்ணீராயின் இன்னும் நன்று. எதிரெதிர்ச் சன்னல்களை ஒரு சாண் திறந்துவைத்தாலும் அறைக்காற்று மாறும். கொத்தமல்லி அவித்த நீரும் இஞ்சித் தேத்தண்ணியும் தொண்டைக்கு இதம். அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தல் கூடவே கூடாது. அது அரிதாக மூளையையும் ஈரலையும் கெடுக்கும். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை நீரருந்த மறுத்துச் சோர்ந்தாலோ தோட்ட மருந்தகத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெரியவர் இல்லாத குடும்பத்துப் பிள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்புக்கு வருவது தாயின் அசட்டையால் அன்று. நோயுற்ற பிள்ளையின் தாய்க்குச் சம்பளத்தோடு இரண்டொரு நாள் விடுப்பைத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும். ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவருக்குப் பரிசளிக்கும் வழக்கத்தைப் பள்ளிகளும் கைவிட வேண்டும். காய்ச்சலோடு வந்தாவது அப்பரிசை வாங்கிவிடத் துடிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றனர்.