விலா நரம்பும் வலி நீக்கமும்

காலில் அறுவை செய்துகொண்டவர், வலித்தால் காலை அசைக்காமல் கிடக்கலாம். நெஞ்சில் அறுவை செய்துகொண்டவருக்கு அந்த வசதி இல்லை. மூச்சு விடாமல் எப்படி இருப்பது? ஒவ்வொரு மூச்சிலும் விலா எலும்புகள் அசைகின்றன; ஒவ்வோர் அசைவிலும் தையல் இழுபடுகிறது.

ஆகவே நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்கிக்கொள்கிறார். அதனால் சளி தேங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. நிமோனியா வந்து சேருகிறது. “பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்” என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. நெஞ்சறுவையைப் பொறுத்தவரை அது ஆபத்தான அறிவுரை. மார்ஃபின் வலியைத் தணிக்கும். அளவு மிஞ்சினால் மூச்சையும் தணித்துவிடும்.

இங்கேதான் நரம்பை மரக்கச் செய்யும் முறை கைகொடுக்கிறது. நெஞ்சுச் சுவரின் வலியைப் பெரும்பாலும் சுமந்து செல்பவை விலா நரம்புகள். முதுகெலும்பின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு விலாவின் கீழ்விளிம்பில், சட்டத்தின் அடியில் பொருத்திய மின்கம்பி போல, முன்புறம் வருகிறது. வழியில் புபிவகேயின் போன்ற மருந்தைச் செலுத்தினால், நரம்பினுள் சோடியம் நுழையும் வாயில்கள் அடைபடுகின்றன; செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. நோயாளியோ விழித்திருப்பார், பேசுவார். (மருத்துவம் பயிலும் நண்பர்கள் இந்த எளிமையைப் பொறுத்தருள்க!)

எங்கே ஊசி போடுவது? விலாவின் கீழே போடலாம். ஆனால் பல விலாக்களுக்குப் பல ஊசிகள் வேண்டும். நரம்பு முதுகெலும்பை விட்டு வெளிவரும் இடத்திலேயே போட்டால், மருந்து மேலும் கீழும் பரவி, ஒரே ஊசியில் பல நரம்புகள் மரத்துப்போகும். இதை ஜெர்மானியரான ஹூகோ செல்ஹைம் 1905-இல் வயிற்று வலிக்காகக் கையாண்டார். பிறகு வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்த முறைக்கு 1979-இல் ஈசன், வயட் என்னும் இருவர் மீண்டும் உயிரூட்டினர். இதில் ஓர் அச்சம் உண்டு: நுரையீரலின் உறை மிக அருகில் இருக்கிறது. ஊசி தவறி உள்ளே போனால் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கக்கூடும்.

2016-இல் விவரிக்கப்பட்ட ‘எரெக்டர் ஸ்பைனே’ முறையில், ஊசி முதுகுத் தசையின் அடியில் எலும்பின் மேலேயே நின்றுவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். எளிது, ஆபத்தும் குறைவு; ஆனால் மருந்து பரவும் தூரம் ஆளுக்கு ஆள் மாறுவதால், பலனும் மாறுகிறது.

ஓர் ஊசியின் பலன் சில மணி நேரமே. எனவே மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே விட்டு, நாள்கணக்கில் மருந்தைச் சொட்டவிடுவதும் உண்டு. மறுநாள் காலையில் நோயாளியை உட்கார வைத்து, “நன்றாக இருமுங்கள்” என்கிறார்கள். அவரும் இருமுகிறார்.