ஆரஞ்சு எண்ணெயும் எலியின் அச்சமும்: நறுமணம் மருந்தாகுமா?

அண்மையில் ஒரு பெண்மணி தம் தாயாரைப் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். தாயார் சில இரவுகளாக உறங்கவில்லை, கைகள் நடுங்கின, சிறு ஒலிக்கும் திடுக்கிட்டார். மனப்பதற்றத்திற்காகப் பல ஆண்டுகள் உட்கொண்டு வந்த மாத்திரையை ஒரு வாரத்திற்கு முன் நிறுத்திவிட்டு, அறையில் ஆரஞ்சு எண்ணெயின் மணம் பரவச் செய்ததாக மகள் கூறினார். “இயற்கையானதுதானே டாக்டர்? எலிகளிடம் சோதித்து நிரூபித்திருக்கிறார்களாமே?” என்றும் கேட்டார். இதற்கான விடையை நீங்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

எலிகளிடம் சோதிப்பது எவ்வாறு?

எலிகள் இயல்பாகவே உயரத்தையும் திறந்த வெளியையும் அஞ்சுபவை. எனவே, தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி வடிவிலான ஒரு மேடை அமைக்கப்படுகிறது. அதன் நான்கு பாதைகளுள் இரண்டிற்குச் சுவர் உண்டு, இரண்டிற்கு இல்லை. பதற்றமுற்ற எலி சுவர்களுக்கிடையே பதுங்கும். பதற்றம் தணிந்த எலி திறந்த பாதைக்கும் துணிந்து வரும்.

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் ஆரஞ்சு எண்ணெயின் மணத்தை நுகர்ந்த எலிகள் திறந்த பாதைகளில் கூடுதல் நேரம் தங்கின. டீ ட்ரீ எண்ணெயை நுகர்ந்த எலிகளிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. எல்லா மணமும் ஒன்றல்ல என்பது இதனால் புலனாகிறது. 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, எலுமிச்சை எண்ணெயின் ஆவி சுண்டெலிகளின் மூளையில் டோபமின், செரட்டோனின் ஆகியவற்றின் செயற்பாட்டை மாற்றுவதைக் காட்டியது. மூக்கிலுள்ள மண உணர்வு நரம்புகள், அச்சத்தை ஆளும் மூளைப் பகுதியான அமிக்டலாவுடன் நெருங்கிய தொடர்புடையவை என்பதும் அறியத்தக்கது.

மனிதருக்கு இது பொருந்துமா?

ஓரளவு பொருந்தும். வியன்னாவில் பல் மருத்துவத்திற்காகக் காத்திருந்த 72 பேரிடம் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஆரஞ்சு மணம் பரவிய அறையிலிருந்த பெண்களிடம் பதற்றம் குறைந்திருந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மேடைச் சோதனை வழக்கமாக 5 நிமிடமே நீடிப்பது. அது அளப்பது நலமான ஓர் எலியின் அப்போதைய அச்சத்தை. பல் மருத்துவரிடம் காத்திருப்போரின் அச்சமும் அத்தகையதே. ஆண்டுக்கணக்கில் தொடரும் மனப்பதற்ற நோய் வேறு. நெடுநாள் உட்கொண்ட மாத்திரைக்கு மூளை பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, நடுக்கம், சில வேளைகளில் வலிப்பும் ஏற்படலாம். அத்தாயாருக்கு நேர்ந்தது இதுவே.

கவனிக்க வேண்டியவை

• மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டா.

• இவ்வெண்ணெய்களை உட்கொள்ளலாகாது. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியுடன் உடனே மருத்துவமனைக்கு வருக. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் ஆபத்து.

• ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மணமே மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும்.

• இவை எளிதில் தீப்பற்றுபவை. ஆக்சிஜன் பெறும் நோயாளியின் அருகில் பயன்படுத்த வேண்டா.

• தோலில் நேரடியாகத் தடவ வேண்டா. பெர்கமாட் போன்ற சில எண்ணெய்கள் பட்ட இடத்தில் வெயில் படின் தோல் புண்ணாகும்.

• வீட்டில் பூனை இருப்பின் தவிர்க்கவும். இவ்வெண்ணெய்களின் சில கூறுகளைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஒரு விலங்கை அமைதிப்படுத்துவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.

அத்தாயாருக்கு மாத்திரையை மீண்டும் தொடங்கினோம். சில நாள்களில் உறக்கம் திரும்பியது. மகள் செய்தது அன்பினால் செய்தது. ஆகவே, ஆரஞ்சு மணத்தை முற்றிலும் விலக்குமாறு நான் கூறவில்லை. காற்றோட்டமுள்ள அறையில், தாயார் விரும்பும் வேளையில் சிறிது நேரம் மணம் இருக்கட்டும்; மாத்திரையும் உரிய நேரத்தில் தொடரட்டும் என்றேன். மாத்திரையின் அளவைக் குறைக்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. அடுத்த முறை வரும்போது கேளுங்கள். படிப்படியாக, சேர்ந்தே குறைப்போம்.