குழந்தை யாருக்கு?

கல்யாணம் என்றால் ஜாதகம் பார்க்கவும் சீர் பேசவும் பத்துப் பேர் வருகிறார்கள். தம்பதிகள் பிரிய நேர்ந்தாலும் அதே பத்துப் பேர் யோசனை சொல்ல வருகிறார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்லுகிறது என்று தெரிந்தவர் அவர்களில் ஒருவர் இருப்பதே அபூர்வம். இதனால் விளையும் கஷ்டங்களில் பெரும் பங்கு குழந்தைகளின் தலையில் விழுகிறது.

சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் முறை முன்பே இருந்தது. மற்ற இந்துக்களுக்கு விவாகரத்து என்பதே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1949-ல் அதற்கென ஒரு சட்டம் பிறந்தது. 1955-ல் தேசம் முழுவதற்குமாக இந்து விவாகச் சட்டம் வந்தது. இருவரும் மனம் ஒத்துப் பிரியலாம் என்ற வழி 1976-ல்தான் திறந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் மனுச் செய்து, பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. சமரசத்துக்கு இடமே இல்லாத வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தீர்ப்பளித்தது.

இது நிற்க. கணவன் மனைவி உறவுக்கு முடிவு உண்டு. தாய் தந்தை உறவுக்கு முடிவு ஏது? "பிராகிரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி வா" என்று சொன்னால், "எந்த வீட்டில், ஸார்?" என்று கேட்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள்தாம் விடை காண வேண்டும்.

"பிள்ளை தகப்பனுக்கே சொந்தம்" என்பார் சிலர்; "பெற்றவளுக்கே உரிமை" என்பார் வேறு சிலர். இரண்டும் சரியல்ல. 1956-ஆம் வருஷத்து இந்துச் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் குழந்தையின் நலனே பிரதானம். விவரம் அறிந்த வயதானால், குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்டறியலாம். சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-லேயே சுப்ரீம் கோர்ட்டு எடுத்துரைத்தது. இப்படிப்பட்ட உத்தரவு என்றைக்கும் மாறாததும் அன்று; நிலைமை மாறினால் மீண்டும் மனுச் செய்யலாம்.

தந்தைக்குப் "பின்" தாயே கார்டியன் என்று அச்சட்டம் கூறுகிறது. தந்தை காலமான பின்புதான் என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் வேறு விளக்கம் கிடைத்தது: தந்தை குழந்தையின் பொறுப்பை ஏற்காதிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் கார்டியனாக இயங்கலாம்.

அடுத்தது ஜீவனாம்சம். மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டுமின்றி, வயோதிகப் பெற்றோருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு. எந்த மதத்தினரும் கேட்கலாம். பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற வரம்பு 2001-ல் ஒழிந்தது. இருவரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உத்தரவிட்டது. சம்பளத்தை ஒளித்துப் பேசுவது இனிச் சுலபமல்ல. பெண்ணுக்கு வந்த நகையும் பாத்திரமும் ஸ்திரீதனம். அது அவளுக்கே சொந்தம் என்பதையும் மறக்கலாகாது.

பணமில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஜில்லாச் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். 1984-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட குடும்பக் கோர்ட்டுகளும் முதலில் சமரசத்துக்கே முயல வேண்டியவை.

எனவே, பிரிவது என்று தீர்மானித்த பெற்றோர் வழக்கு வளருமுன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது, வாரக் கடைசியில் குழந்தை எங்கே, தீபாவளி எந்த வீட்டில், பொங்கல் எந்த வீட்டில், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் செய்தி என்பதையெல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கோர்ட்டில் கொடுக்கட்டும். ஒருவரையொருவர் பற்றிக் குழந்தையின் காதில் குறை சொல்லுவதில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டால், அது எந்த நீதிபதியும் கொடுக்க முடியாத நன்மையைத் தரும்.