வழங்கியில் உரிமையாளர் அறியாக் கோப்புகள்: தமிழ் மின்தொகுப்புகளைக் காப்போர்க்கு ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ் நூல்களைக் கணினியில் தொகுத்துக் காக்கும் பணி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல், தமிழியல் நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடத்தக்க வடிவில் வழங்கியது. 2009 அக்டோபரில் தமிழ் இணைய மாநாடும் அந்நகரிலேயே கூடியது. இவ்வகைத் தொகுப்புகள் தோன்றிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தொடங்கியோர் ஓய்வு பெறுகின்றனர். வழங்கிகள் இடம் மாறுகின்றன. புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் எதிர்கொள்பவை, யார் வைத்தார், எதற்கு வைத்தார் என்று விளங்காத கோப்புகளும் கோப்புறைகளுமே.

இவற்றைக் கையாள்வதில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, குப்பை எனக் கருதி உடனே அழித்தல். இதனால் வேறெங்கும் படியில்லாத ஒரு நூல் மறையலாம். மற்றொன்று, தீங்கில்லை எனக் கருதி விட்டுவிடுதல்; இதனால் அயலார் நுழைத்த நிரல் உள்ளேயே தங்கலாம். இவ்விரண்டையும் தவிர்க்க, இத்தகைய கோப்புகள் தோன்றும் நான்கு வழிகளையும் அவற்றை ஆராயும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. இயங்குதளம் விட்டுச் செல்பவை

விளங்காத கோப்புகளுள் பெரும்பாலானவை மனிதர் எவரும் வைத்தவை அல்ல. மேக் கணினியிலிருந்து ஒரு கோப்புறையை வழங்கிக்கு மாற்றினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னே நிற்கும் சிறு கோப்புகள் ஒவ்வொரு நூலுக்கும் துணையாக உடன்வரலாம். விண்டோஸ் கணினி படங்களின் சிற்றுருக்களைத் 'தம்ப்ஸ்' என்னும் கோப்பில் சேர்த்து வைக்கும். வேர்டு ஆவணம் திறந்திருக்கையில் அலைக்குறியும் டாலர்க் குறியும் கொண்ட நிழற்கோப்பு ஒன்று தோன்றும். கணினி இடையில் நின்றுபோனால் அது அங்கேயே தங்கிவிடும்.

லினக்ஸ் வழங்கிகளில் 'லாஸ்ட் அண்டு ஃபவுண்டு' என்னும் கோப்புறையைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. மின்தடை முதலியவற்றால் கோப்பு முறைமை சிதைந்து, பின்னர்ச் சீர்செய்யப்படும்போது, பெயரிழந்த கோப்புகள் எண்களையே பெயராகக் கொண்டு அதனுள் வைக்கப்படும். அங்குள்ளவை காணாமற்போன நூலின் பகுதிகளாக இருக்கக்கூடும் என்பதால், அக்கோப்புறையைத் திறந்து பாராமல் துடைத்தல் தகாது.

அழித்தாலும் மீண்டும் முளைக்கும் கோப்புகளும் உள்ளன. வலையமைப்பு வழியாகப் பகிரப்படும் வட்டில், ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பை அந்தக் கணினியிலிருந்தே அழித்தால், முறைமை அதனை மறைபெயர் ஒன்றிட்டு வைத்துக்கொள்ளும். அந்நிரலை நிறுத்தினாலன்றி அக்கோப்பு நீங்காது.

2. எழுத்தால் விளையும் மயக்கம்

தமிழ்த் தொகுப்புகளுக்கே உரிய சிக்கல் இது. பொதுவான கணினிக் கையேடுகளில் இதற்கு விடை கிடைப்பதில்லை.

ஒரே இடத்தில் 'தொல்காப்பியம்' என்னும் பெயரில் இரு கோப்புறைகள் நிற்கின்றன எனக் கொள்வோம். ஒன்று நிறைந்தும் மற்றொன்று வெறுமையாயும் உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரம் கூறினாலும், லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் பெயரை வெறும் பைட்டுத் தொடராகவே காண்கின்றன. சேர்த்து எழுதிய 'தொல்காப்பியம்' 13 குறியெண்களும் 39 பைட்டுகளும் கொண்டது. பிரித்து எழுதியது 14 குறியெண்களும் 42 பைட்டுகளும் கொண்டது. ஆகவே வழங்கிக்கு அவை இரு வேறு பெயர்கள். பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்தவையும் விண்டோஸிலிருந்து வந்தவையும் இவ்வாறு இரட்டிக்கின்றன. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். ஔகாரத்தின் இறுதியில் ளகர மெய்யெழுத்தையே தட்டச்சிடுவோரும் உளர்; அது நிகரானது என்றுகூடத் தரம் ஏற்பதில்லை.

பெயர் நீளமும் ஒரு காரணம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால், 85 குறியெண்களோடு எல்லை முடிகிறது. விண்டோஸில் இடம்பெற்ற நீண்ட நூற்பெயர் வழங்கிக்கு மாறும்போது மறுக்கப்படுவதும், பாதியில் வெட்டுண்ட பெயரோடு கிடப்பதும் இதனாலேயே.

மூன்றாவது, பழைய குறியாக்கங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. இணையக் குழுவினரிடையே டிஸ்கி வழங்கியது. டிஸ்கியில் பெயரிட்ட கோப்பை இன்றைய வழங்கியில் காண்பவர்க்கு, குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளோ வினாக்குறிகளோ மட்டுமே தெரியும். ஈழத்தமிழர் வாழும் ஜெர்மனி முதலிய நாடுகளில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு இன்னும் மயக்குவது. அதில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிவாகும். புலம்பெயர் சிற்றிதழ் ஒன்றின் முழு இதழும் இவ்வாறு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோற்றமளிக்கலாம். இதனைச் சிதைந்த கோப்பென்று அழிப்பவர், அழித்தது இன்னதென்று என்றும் அறியார்.

3. முன்னிருந்தோர் வைத்தவை

'புதியது', 'புதியது 2', 'இறுதி', 'இறுதி திருத்தியது' என்னும் பெயர்கள் எல்லாத் தொகுப்புகளிலும் காணப்படுபவை. வைத்தவர்க்கு அவற்றின் பொருள் தெரியும். அவர் சென்றபின் எவர்க்கும் தெரியாது. இவற்றுள் எது மெய்ப்புப் பார்த்த படி, எது பாராத படி என்பதைக் கோப்பின் நாள் காட்டாது. வழங்கி மாற்றத்தின்போது எல்லாவற்றுக்கும் ஒரே நாள் பதிந்திருக்கக்கூடும்.

விளக்கக் குறிப்பின் மதிப்பை உணர்த்தும் பழைய சான்று ஜெர்மானியத் தமிழியலிலேயே உள்ளது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-இல் 'பிப்லியோத்தேக்கா மலபாரிக்கா' என்னும் பட்டியலை எழுதினார். பெயரை மட்டும் அடுக்காமல், நூல் எதைக் கூறுகிறது என்பதையும் அதில் குறித்தார். அச்சுவடிகளைக் காணாதவரும் அக்காலத் தமிழகத்தில் எந்நூல்கள் பயின்றன என்பதை இன்று அறிவது அப்பட்டியலால்தான். கோப்புறைதோறும் வைக்கப்படும் ஒரு பக்கக் குறிப்பு செய்யும் பணியும் இதுவே.

4. குயில் முட்டை

நான்காம் வகை, அயலார் கரவாக வைத்தவை. இதற்கு உலகறிந்த சான்று ஜெர்மனியோடு தொடர்புடையது. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதனை ஆராயுமாறு பணிக்கப்பட்ட வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோல், யாருக்கும் உரியதாகத் தெரியாத பயனர் கணக்கு ஒன்றைக் கண்டார். மடல்களை இடம் மாற்றும் ஒரு சிறு நிரலுக்கு அங்கு மிகுதியான உரிமை தரப்பட்டிருந்தது. நுழைந்தவர் அதன் வழியே, முறைமை குறித்த இடைவெளியில் தானே இயக்கும் கோப்பு ஒன்றின் இடத்தில் தம் கோப்பை வைத்தார். முறைமை அதனைத் தன்னுடையதென்றே எண்ணி இயக்கி, அவருக்கு நிர்வாகி உரிமையை அளித்தது. காக்கைக் கூட்டில் குயில் இட்ட முட்டையைக் காக்கையே அடைகாப்பது போன்றது இது. ஸ்டோல் 1989-இல் எழுதிய நூலின் பெயரும் குயில் முட்டையையே குறிக்கிறது.

ஸ்டோல் அக்கோப்பை உடனே நீக்கிக் கதவடைக்கவில்லை. நுழைந்தவர் இட்ட கட்டளைகளை அச்சிட்டுச் சேர்த்தார். அவரை நீண்ட நேரம் இணைப்பில் இருத்தப் போலி ஆவணங்களை வைத்தார். தடம் ஹனோவர் நகருக்குச் சென்றது. மார்கஸ் ஹெஸ் முதலிய மூவர் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றதாக 1990-இல் தண்டனை பெற்றனர்.

தமிழ் நூலக வழங்கியில் படைத்துறை மறை ஏதுமில்லை. ஆயினும், பிறரைத் தாக்கவும் போலிப் பக்கங்களை நிறுத்தவும் எந்த வழங்கியும் பயன்படும். படங்களுக்கான கோப்புறையில் இயங்கு நிரல் இருத்தல், மூன்று புள்ளிகளையோ இறுதியில் இடைவெளியையோ பெயராகக் கொண்ட கோப்புறை, பணியாளர் எவரும் அறியாத பயனர் பெயர் ஆகியன ஐயத்திற்குரியவை.

5. ஆராயும் முறை

முதலாவது, எதையும் திறக்கும் முன் காப்புநகல் எடுத்தல் வேண்டும். திறந்தாலே இறுதியாகப் படித்த நேரம் மாறக்கூடும். நுழைவு நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயம் இருப்பின், வழங்கியை வலையமைப்பிலிருந்து பிரிக்கலாம். மின்னை நிறுத்துதல் நினைவகத்திலுள்ள சான்றுகளை அழித்துவிடும்.

இரண்டாவது, கோப்பின் உரிமையாளரையும் நேரங்களையும் குறித்தல். திருத்திய நேரத்தை உரிமையாளர் எளிதில் மாற்றலாம். உரிமை, பெயர் முதலியவற்றின் மாற்ற நேரத்தை வழக்கமான கட்டளையால் பொய்யாக்க இயலாது. இரண்டும் முரண்படின் காரணம் தேடல் வேண்டும். வழங்கி மாற்றமும் அதற்குக் காரணமாகலாம்.

மூன்றாவது, அதனை இப்போது எந்த நிரல் திறந்துள்ளது எனக் காணல். நான்காவது, பெயரை நம்பாது உள்ளடக்கத்தின் தொடக்கப் பைட்டுகளைப் பார்த்தல். பிடிஎஃப், படம், சுருக்கிய கோப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய முத்திரை அங்கே இருக்கும். ஐந்தாவது, உள்ளடக்கத்தின் சரிபார்ப்புத் தொகையை அறிந்த படிகளோடு ஒப்பிடல். தொகை ஒன்றாயின் பெயர் எவ்வாறிருப்பினும் கோப்பு ஒன்றே. ஆறாவது, விளங்காத எழுத்துகளை டிஸ்கி, டாப், பாமினி முறைகளில் மாற்றிப் பார்த்தல்.

இவ்வளவுக்குப் பின்னும் விளங்காதவற்றை, இயக்கவொண்ணாத தனிக் கோப்புறையில் ஒதுக்கி வைத்து, நாளும் காரணமும் எழுதி, முன்னிருந்தோரை வினவுதல் தக்கது. உறுப்பினர் முகவரி முதலிய தனித்தகவல்கள் காணப்படின் அவற்றைப் பரப்பலாகாது. அவை அயலார் கைக்குச் சென்றது தெரியவந்து, அதனால் உரியவர்க்கு இடர் நேரக்கூடுமாயின், 2018 மே முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 72 மணி நேரத்துக்குள் உரிய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

முடிவுரை

விளங்காத கோப்பு தன்னளவில் குப்பையும் அன்று, பகையும் அன்று; அது விடை காணாத ஒரு வினா. முறையாக வினவினால் பெரும்பாலானவை இயங்குதளத்தின் எச்சமாகவோ எழுத்து மயக்கமாகவோ அடங்கிவிடும். எஞ்சும் சிலவற்றுள் ஒன்று அயலார் இட்ட முட்டையாகவும், மற்றொன்று வேறெங்கும் இல்லாத தமிழ் நூலாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பைக் கணினிப் பணியாளரிடம் மட்டும் விடுதல் போதாது. பாமினி எழுத்தைப் படிக்கவும் நூலை அடையாளங் காணவும் தமிழ் அறிந்தவர் உடனிருத்தல் வேண்டும். தமிழியல் துறைகளும் இருக்கைகளும் சுருங்கிவரும் ஐரோப்பிய நூலகங்களில், அத்தகையோர் பணியிலிருக்கும்போதே கோப்புறைதோறும் குறிப்பெழுதி முடித்தல் காலத்தின் கடமையாகும்.